வாடகை வீடும் காவல் நிலையமும்

நாகபுரியில் மாலையில் ஏறினால், விதர்ப்பா எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் நம்மைத் தாதரில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து உள்ளூர் வண்டியில் ஒரே ஒரு நிலையம், மாதுங்கா வந்துவிடும். 2017ஆம் ஆண்டு முதல் பெண்களே பொறுப்பேற்று நடத்தி வரும் ரயில் நிலையம் அது. வெளியே வந்ததும் முதலில் வரவேற்பது மல்லிகை மணம். அடுத்தது காப்பி மணம். வாழையிலை, முருங்கைக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு என்று கடைத்தெரு முழுவதும் நம் ஊர்ச் சந்தையைக் கொண்டுவந்து பரப்பியது போல் இருக்கும். ஊரை விட்டு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும், மாதுங்காவில் இறங்கும் தமிழனுக்கு ஒரு கணம் தான் எங்கே இருக்கிறோம் என்பது மறந்து போகும்.

ஆனால் சென்ற மாதம் நான் அங்கே போனது காப்பி குடிப்பதற்காக அல்ல. தந்தையார் 1979இல் வாங்கிய சிறு வீடு ஒன்று அங்கே இருக்கிறது. அதை வாடகைக்கு விட வேண்டும். நான்கு நாள் தங்கி, நல்ல குடித்தனக்காரர் ஒருவரைத் தேடி, சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது என் திட்டம். நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கும் இந்த நிலை உண்டு. வேலை ஓர் ஊரில், வீடு வேறோர் ஊரில். ஆகவே என் நான்கு நாள் அலைச்சலை எழுதி வைத்தால் சிலருக்காவது பயன்படும் என்று தோன்றியது.

மாதுங்கா தானாக வளர்ந்த ஊர் அன்று. திட்டமிட்டு அமைத்த ஊர். 1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் பிடித்தது. நெருக்கடியான தெருக்களும் காற்றுப் புகாத அறைகளும்தான் நோய்க்கு இடம் கொடுத்தன என்று கருதிய அரசாங்கம், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை ஏற்படுத்தியது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை அந்த டிரஸ்ட் மனைகளாகப் பிரித்தது. அகன்ற சாலைகளும் ஐந்து தோட்டங்கள் என்று பெயர் பெற்ற பூங்காக்களும் அப்படி வந்தவையே. குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் தெற்கிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் பள்ளியைத் தொடங்கியது. கோயில்களும் பஜனை மடங்களும் சாப்பாட்டு விடுதிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் மாமிக்கு எண்பத்தைந்து வயது நடக்கிறது. என்னைக் கண்டதும், "வாடாப்பா, வீட்டை விடப் போறியாமே? இந்தத் தடவையாவது யாரு எவருன்னு பார்த்து விடு" என்றார். வந்ததும் வராததுமாக அவர் சொன்ன அந்தச் சொல் என்னைச் சுருக்கென்று குத்தியது. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் மாமி சொன்ன பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

"அந்தக் காலத்துல வீட்டுக்காரருக்குப் போலீஸ் எதுக்கு? சால்ல இருபது குடித்தனம் இருந்தா, நாற்பது கண்ணு ராத்திரியும் பகலும் முழிச்சிண்டிருக்கும். புதுசா ஒருத்தன் படியேறினா, அவன் மூணாவது மாடிக்குப் போறதுக்குள்ள அவன் ஊரு, வேலை, யாராத்துக்கு வந்திருக்கான், எல்லாம் தெரிஞ்சுடும்" என்றார் மாமி.

சால் என்பது நீண்ட பொதுத் தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள் அமைந்த கட்டடம். அங்கே யாரும் யாருக்கும் தெரியாமல் வாழ முடியாது. அதோடு சட்டமும் ஒரு காரணம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய வாடகை உறைந்து நின்றுவிட்டது. குடித்தனக்காரரை எளிதில் எழுப்பவும் முடியாது. பகடி என்ற பெயரில் ஒரு தொகையைக் கொடுத்து உள்ளே வந்தவர், பேரன் காலம் வரையில் அங்கேயே இருப்பார். முப்பது, நாற்பது ஆண்டுகள் எதிரே குடியிருப்பவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் போய் விசாரிக்க என்ன இருக்கிறது? அந்நாளில் வீட்டுக்காரர் அஞ்சியது குற்றத்துக்கு அன்று. குடித்தனக்காரர் வெளியேற மாட்டாரே என்பதற்குத்தான்.

இன்றைய நிலை வேறு. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 2000 மார்ச் 31ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது பெரும்பாலான வீடுகள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்னும் ஒப்பந்தத்தின் பேரில்தான் கை மாறுகின்றன. பதினோரு மாதம் ஒருவர், அடுத்த பதினோரு மாதம் வேறொருவர். மாமிக்குப் பெயர் தெரிவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். தாழ்வாரம் போய், கதவு சாத்திய வீடுகள் வந்துவிட்டன. நாற்பது கண்களுக்குப் பதிலாக வாயிலில் ஒரு காவலாளியும் ஒரு கேமராவும் இருக்கின்றன. கேமரா முகத்தைப் பார்க்கும், மனிதரை அறியாது.

இனி என் கதை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தரகர் நாகபுரிக்குத் தொலைபேசியில் பேசினார். கௌரவமான ஆள் ஒருவர் வந்திருக்கிறார், வாடகை ஐயாயிரம் கூடுதலாகத் தருவார், ஆனால் பதிவு, போலீஸ் என்று அலைய அவருக்கு நேரமில்லை என்றார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று அவர் சொன்ன சொல்லை நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்பினேன் என்பதைவிட ஐயாயிரம் ரூபாய் என்னை நம்ப வைத்தது என்பதே சரி. குடித்தனக்காரரின் முகத்தைக் கூட நான் பார்க்கவில்லை.

ஏழு மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. எட்டாவது மாதம் காவல் துறையிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக இளைஞர்களிடம் பணம் பறித்த ஒரு கூட்டம் என் வீட்டைத்தான் அலுவலகமாக நடத்தியிருக்கிறது. தந்தையார் பூஜை செய்த அறையில் நாற்காலி போட்டு, ஏழை வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் இருவர் நம் தமிழ்ப் பிள்ளைகள். வீடு முத்திரையிடப்பட்டது. பதினொரு மாதம் என் சாவிக்கு வேலையில்லை. நாகபுரிக்கும் மும்பைக்கும் ஒன்பது முறை அலைந்தேன். குடித்தனக்காரரைப் பற்றித் தகவல் தராத குற்றத்துக்கு என் மீதும் ஒரு சிறு வழக்கு வந்தது. அபராதம் பெரிதல்ல. ஆனால் விசாரணையின்போது, ஏமாந்த பிள்ளைகளில் ஒருவனுடைய தாயார் என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டார். அதற்கு நான் இன்று வரை விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இந்த முறை சட்டத்தை நன்றாகக் கேட்டறிந்த பிறகே புறப்பட்டேன். நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

நாட்டின் பல மாநிலங்களில் ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்படி அமைந்திருப்பதால்தான் பதினோரு மாத ஒப்பந்தம் எங்கும் வழக்கமாயிற்று. ஆனால் மகாராஷ்டிரத்தில் அந்த வழக்கம் செல்லாது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அது மட்டுமன்று, பதிவு இல்லாதபோது தகராறு வந்தால், எந்த நிபந்தனையின் பேரில் வந்தேன் என்று குடித்தனக்காரர் சொல்கிறாரோ, மறுப்பை மெய்ப்பிக்கும் வரையில் அதுவே ஏற்கப்படும். ஐயாயிரம் ரூபாய் ஆசைக்கு நான் எவ்வளவு பெரிய விலை கொடுக்கத் துணிந்தேன் என்பதை நேயர்கள் இதிலிருந்தே அறியலாம்.

அடுத்தது காவல் துறைக்குத் தரும் தகவல். இதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை. நகரக் காவல் அதிகாரிகள் அவ்வப்போது தடை உத்தரவுப் பிரிவின் கீழ் ஆணை பிறப்பிக்கிறார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. இத்தகைய ஆணை சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. ஆகவேதான் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறார்கள். மீறுவோர் மீது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாய்ந்தது. இப்பொழுது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. நம் ஊரில் இன்று ஆணை நடப்பில் இருக்கிறதா என்று ஆராய்ந்து கொண்டிருப்பதைவிட, எப்பொழுதும் இருப்பதாகவே எண்ணித் தகவல் கொடுத்துவிடுவது நல்லது. மும்பையில் இணையத்தின் மூலமாகவே கொடுக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காவல் துறைக்குத் தகவல் கொடுப்பது நம் கடமை. அனுமதி கேட்பது அன்று. யாருக்கு வீடு தரலாம் என்று அவர்கள் தீர்மானிப்பதில்லை. அதுபோலவே, தகவல் கொடுத்துவிட்டதால் குடித்தனக்காரர் நல்லவர் என்று அரசாங்கம் சான்று வழங்கிவிட்டதாகவும் ஆகாது. பழைய வழக்கு ஏதேனும் இருந்தால் தெரிய வரலாம். நாளை செய்யப் போவதை எந்தப் படிவம் சொல்லும்?

மறுநாள் காலை இசட் பாலத்தின் மீது நடந்தேன். கிழக்கே மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையம். மேற்கே மேற்கு ரயில்வேயின் மாதுங்கா ரோடு நிலையம். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் இந்த நடைபாலம் வளைந்து வளைந்து செல்வதால் அந்தப் பெயர் பெற்றது. 2006 ஜூலை 11ஆம் தேதி மாலையில் மேற்கு ரயில்வே வண்டிகளில் குண்டுகள் வெடித்த இடங்களில் மாதுங்கா ரோடும் ஒன்று. வீடு திரும்பிக்கொண்டிருந்த 180க்கும் மேற்பட்டோர் அன்று நகரெங்கும் உயிரிழந்தார்கள். 2008 நவம்பர் 26ஆம் தேதித் தாக்குதல் அதற்குப் பின் வந்தது. இவற்றுக்குப் பிறகு இந்நகரில் வாடகைக்கு வருவோரைப் பற்றிய அச்சம் சட்டத்தோடு நிற்கவில்லை, மனத்திலும் குடியேறிவிட்டது. அச்சத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அச்சம் யாருடைய கதவைத் தட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வீடு கேட்டு மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பல வீடுகளை மொத்தமாக எடுத்து, கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விடும் ஒரு தொழில் நிறுவனத்தின் ஆள். வீட்டை முதலீடாக மட்டும் வாங்கிப் போட்டிருக்கும் பலர் இவர்களிடம்தான் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். மாதம் தவறாமல் பணம் வரும். யார் படுக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று கேட்க வேண்டாம். "தங்கப் போகிறவர்களின் பெயரை எனக்கு எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். "அது மாறிக்கொண்டே இருக்கும்" என்றார். வணங்கி அனுப்பிவிட்டேன்.

இரண்டாமவர் ஒரு தரகரோடு வந்தார். வாடகை கூடுதல், பதிவு வேண்டாம் என்று பழைய பாட்டையே பாடினார். அந்தப் பாட்டு எனக்குப் பல்லவியிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது வந்தவன் இருபத்தேழு வயது இளைஞன். வங்கியொன்றில் கணினிப் பிரிவில் வேலை. சில மாதங்களுக்கு முன் திருமணம் ஆனவன். பதிவு செய்வோமா என்று நான் கேட்பதற்கு முன் அவனே ஆதார், பான், வேலைச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். "போலீஸ் வெரிஃபிகேஷன் நானே ஆன்லைன்ல போட்டுத் தரட்டுமா சார்?" என்றான். "கொடுக்க வேண்டியவன் நான்தான் தம்பி" என்றேன். இப்பொழுது எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "தாராவி சார், தொண்ணூறடி ரோடு. பிறந்ததே அங்கதான்" என்றான்.

கட்டடத்தின் செயலாளரும் தமிழரே. அவரிடம் தகவல் சொல்லப் போனேன். வாடகைக்கு விடும்போது சொசைட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேற்படாத ஒரு கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. "தாராவியா?" என்றார். சற்று நேரம் கழித்து, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். திருநெல்வேலி என்றேன். "திருநெல்வேலில எந்தத் தெரு?" என்றார். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருந்தது. நம்மவர் எல்லோருக்கும் அது கேட்கும். "போன தடவை பட்டது போதாதா? நாளைக்கு ஏதாவதுன்னா போலீஸ் நம்ம வாசல்லதானே வந்து நிக்கும்?" என்று முடித்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது முழுவதும் அநியாயம் என்று ஒதுக்கவும் முடியவில்லை, பட்டவன் நான். அப்பொழுதுதான் 1968ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அப்பொழுது எனக்குப் பத்து வயது. நாங்கள் பரேலில் ஓர் அறையில் குடியிருந்தோம். தென்னாட்டார் உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற பிரசாரம் நகரில் மும்முரமாக நடந்த காலம் அது. 1966இல் தொடங்கிய சிவசேனை அதைத் தன் முதல் முழக்கமாகக் கொண்டிருந்தது. தென்னிந்தியச் சிற்றுண்டிச் சாலைகள் தாக்கப்பட்டன. எங்கள் அறையைக் காலி செய்ய வேண்டி வந்தபோது தந்தையாரோடு நானும் வீடு தேடி அலைந்தேன். மூன்று வீடுகளில் "மதராசிகளுக்கு இல்லை" என்றார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. மதராசி என்றால் திருட்டுச் சாராயம், சண்டை, கூட்டம் என்பது அவர்கள் கணக்கு. ஓர் அலுவலகக் குமாஸ்தா நெற்றியில் திருநீற்றோடு நின்று, தான் ரௌடி அல்ல என்று அன்னிய மொழியில் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நான்காவது வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மராட்டிய ஆசிரியர். அவர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு குறிப்பேட்டை எடுத்துத் தந்தையாரின் பெயர், வேலை, அலுவலகம், சம்பளம், இதற்கு முன் குடியிருந்த இடம், தெரிந்தவர் இருவரின் முகவரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுநாள் தந்தையாரின் அலுவலகத்துக்கே நேரில் சென்று விசாரித்தார். மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்தார். "அவர் என்னை விசாரித்தார், ஆனால் என்னை வெறுக்கவில்லை" என்று தந்தையார் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற மூவரும் எங்களை விசாரிக்கவேயில்லை என்பதை இப்பொழுதுதான் உணர்ந்தேன். விசாரிப்பவனுக்கு அலைச்சல் உண்டு. வெறுப்பவனுக்கு அது கிடையாது.

ஆகவே நானும் அலைவது என்று முடிவு செய்தேன். இளைஞனிடம் சொல்லிவிட்டு மறுநாள் தாராவிக்குப் போனேன். மாதுங்காவிலிருந்து அடுத்த நிலையம் சயான். அங்கே மேற்கே இறங்கினால் தொண்ணூறடிச் சாலை. ஒரே நிலையத் தூரம்தான். ஆனால் மாதுங்காவாசிகளில் பலர் அறுபது ஆண்டில் ஒருமுறை கூட அங்கே போனதில்லை. இட்லி மாவுக் கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ச் சுவரொட்டி, நெல்லைப் பேச்சு எல்லாம் அங்கே இருக்கின்றன. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் வேரூன்றிய இடம் அது.

இளைஞனுடைய தந்தையார் எனக்கு நாற்காலி போட்டுத் தேநீர் தருவித்தார். கீழே ஓர் அறை, இரும்பு ஏணியின் வழியே மேலே ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. மேலறையை பீகாரிலிருந்து வந்த ஜரிகை வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆக, அவரும் என்னைப் போல் ஒரு வீட்டுக்காரர்!

"நீங்க எப்படி அண்ணாச்சி ஆள் பாத்து விடுதீய?" என்று நானும் அவர் பேச்சிலேயே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஐயா, யாரு கூட்டிட்டு வந்தான்னு மொதல்ல கேப்பேன். அவன் வேலை பாக்கிற கார்கானாவுக்கு நானே போய்ப் பாப்பேன். ஊருக்கு ஒரு போன் போட்டு அவங்க அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். எனக்கு இந்தி வரும். அப்புறம் ஆதார் நகலை ஸ்டேஷன்ல கொடுத்துருவேன். ஏன்னா, ஒருத்தன் தப்புப் பண்ணினா மொத்தத் தெருவுக்கும் கெட்ட பேரு. அந்தப் பேரு போகுறதுக்கு எங்களுக்கு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா?" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பின் கள்ளச்சாராயம் இந்தப் பகுதிகளில் பெரும் வியாபாரமாயிற்று. வரதராஜ முதலியாரின் பெயர் அதனால்தான் நகரெங்கும் ஒலித்தது. 1980களில் காவல் துறையின் நடவடிக்கைகளுக்குப் பின் அவர் சென்னைக்குச் சென்றார், 1988இல் இறந்தார். சாராயத்துக்கு அறை விட்டவர்களுக்கு வாடகை இரட்டிப்பாக வந்தது. காவலர் கதவை உடைத்தபோது நட்டமும் அவர்களுக்கே வந்தது என்றார் அண்ணாச்சி. 'நாயகன்' படம் 1987இல் வெளிவந்த பிறகு, தாராவித் தமிழன் என்றால் அந்த முகத்தையே நினைப்பவர் பெருகினர். தோல் தைத்தும் இட்லி விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பல்லாயிரம் பேரை எவரும் படமெடுக்கவில்லை.

இன்னொரு பெயரையும் அண்ணாச்சி மரியாதையோடு சொன்னார். குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பை வளர்த்த அ. ஜோக்கின். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த தமிழர் அவர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார், 2018இல் காலமானார். ஏ.என். ராய் காவல் ஆணையராக இருந்தபோது ஜோக்கினின் அமைப்பும் காவல் துறையும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் காவல் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தின. ஒவ்வொன்றிலும் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் அங்கத்தினர். குடிபோதைச் சண்டை, வாடகைத் தகராறு, அண்டை வீட்டுப் பூசல் ஆகியவை வழக்காக முற்றுவதற்கு முன் அங்கேயே பேசித் தீர்க்க வழி செய்தார்கள். பிடிக்க வருபவராக மட்டும் காவலரைக் கண்டு ஓடிய மக்கள், அவரோடு பாயில் உட்கார்ந்து பேசலாம் என்பதை அறிந்தார்கள். மாமி சொன்ன நாற்பது கண்களுக்கு இங்கே ஓர் அமைப்பும் உண்டாயிற்று என்று எனக்குப் பட்டது.

விடைபெறும்போது அண்ணாச்சி, "எம் மவனுக்கு வீடு குடுங்கன்னு நான் கேக்க மாட்டேன் ஐயா. ஆனா நீங்க நேர்ல வந்து விசாரிச்சீயளே, அது போதும்" என்றார். அதற்குப் பின் நான் விசாரிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மாலையே செயலாளரிடம் போய், பையனுடைய அலுவலகத்தில் பேசினேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், ஒப்பந்தம் பதிவாகிறது, காவல் துறைக்குத் தகவல் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "என் குடித்தனக்காரரைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரியும். நம் கட்டடத்தில் மற்ற வாடகை வீடுகளில் இருப்பவர்களைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. மாமிதான் உள்ளேயிருந்து, "அந்தப் பொண்ணுக்கு அரிசி உப்புமா பண்ணத் தெரியுமான்னு கேளுடா" என்றார். மாமியின் விசாரணை வேறு வகை.

நான்காம் நாள் ஒப்பந்தம் பதிவாயிற்று. இணையத்தில் தகவலைப் பதிந்த பிறகும், பழைய வழக்கின் நினைவால், அதன் நகலை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நேரிலும் சென்றேன். மேஜையில் இருந்த மராட்டியக் காவலர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகுதான் இங்கே வருகிறார்கள்" என்றார். நானும் ஒருமுறை அப்படி வந்தவன்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நம் அன்பர்களுக்கு நான் கண்ட முடிவுகளைச் சொல்லி முடிக்கிறேன். குடித்தனக்காரரை நேரில் காணாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கூடுதல் வாடகைக்காகப் பதிவை விடாதீர்கள். தங்குவோர் எல்லோருடைய பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உள்வாடகைக்கு இடமில்லை என்றும் எழுதுங்கள். காவல் துறைக்குக் கொடுத்த தகவலின் நகலைப் பத்திரத்தோடு வையுங்கள். வெளிநாட்டவருக்கு வீடு விட்டால் அதற்கென்று தனிப் படிவமும் குறுகிய கெடுவும் உண்டு. அதில் தாமதம் கூடாது. சந்தேகம் எழுந்தால் நீங்களே பூட்டை உடைப்பதோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதோ வேண்டாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை மகாராஷ்டிரச் சட்டம் 29ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. காவல் துறையிடமும் உரிய அதிகாரியிடமும் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளை விசாரியுங்கள். அவருடைய ஊரையும் தெருவையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தத் தீர்ப்பை ஒரு காலத்தில் நம் தலைமேல் எழுதினார்கள்.

அன்றிரவு தாதரில் வண்டிக்குக் காத்திருந்தபோது பையிலிருந்த பழைய சாவி வளையத்தைப் பார்த்தேன். தந்தையார் காலத்துப் பித்தளை வளையம். அதில் ஒரு சாவி குறைந்திருந்தது. பூஜை அறையில் விளக்கேற்றலாமா என்று கேட்டு, அந்தப் பிள்ளை அனுப்பிய செய்தி கைப்பேசியில் இருந்தது. தாராளமாக ஏற்றலாம் என்று பதில் எழுதிவிட்டு வண்டியில் ஏறினேன்.